துக்க விடுப்பு: பட்டியலை நீட்டுவதா, பட்டியலையே எடுத்துவிடுவதா?

இந்தியாவில் தனியார் நிறுவன ஊழியர் ஒருவரின் வீட்டில் சாவு விழுந்தால், சம்பளத்தோடு இத்தனை நாள் விடுப்பு தர வேண்டும் என்று சொல்லும் பொதுவான சட்டம் கிடையாது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஓராண்டு பணி முடித்தவருக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு (சி.எல்.) என்று கணக்கு சொல்கிறது. தொழிற்சாலைகளில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்பது 1948 முதல் இருந்துவரும் கணக்கு. இரண்டிலும் துக்கத்துக்கென்று ஒரு வரி இல்லை. அப்பா இறந்தாலும் சி.எல். தான், கேஸ் அடுப்பு ரிப்பேர் என்றாலும் சி.எல். தான்.

ஆகவே நிறுவனம் தானாக எழுதிக்கொள்வதுதான் விதி. அதைத் திருத்தி எழுத உட்காரும் எச்.ஆர். மேலாளருக்கோ முதலாளிக்கோ நான்கு வழிகள் உண்டு. எதையும் எழுதாமல் மேலாளரின் மனசுக்கு விடுவது. இன்ன உறவுக்கு மூன்று நாள் என்று பட்டியல் போடுவது. அந்தப் பட்டியலை நீட்டி நாளையும் கூட்டுவது. பட்டியலே போடாமல் ஊழியர் சொல்வதை ஏற்பது. கூட்டத்தில் இதைப் பேச ஆரம்பித்தால் ‘மூன்று நாளா, ஐந்து நாளா’ என்பதிலேயே நேரம் போய்விடும். என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பேச வேண்டியது. யாருக்காக எடுக்கலாம், எப்போது எடுக்கலாம் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்தால், நாள் கணக்கு பாதி தானாக அமைந்துவிடும்.

‘நீ கிளம்பு, அப்புறம் பார்த்துக்கலாம்’

சின்னப் பட்டறைகளிலும் குடும்ப நிறுவனங்களிலும் எழுதிய விதி இருக்காது. தகவல் வந்ததும் முதலாளி ‘நீ முதல்ல கிளம்பு’ என்பார். செலவுக்குப் பணம் கொடுப்பார், வண்டி ஏற்பாடு செய்வார், மறுநாள் மாலையோடு தானே வந்து நிற்பார். எந்தப் பெரிய கம்பெனியின் கையேட்டிலும் காணாத மனிதத்தன்மை இதில் உண்டு. அதை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன்.

ஆனால் இது முதலாளிக்கு முகம் தெரிந்தவருக்கு வேலை செய்கிற முறை. ஐம்பது பேரைத் தாண்டியதும் முடிவு சூப்பர்வைசர் கைக்குப் போகிறது. மாதக் கடைசியில் ஆர்டர் நெருக்கும்போது அவருடைய முதல் கேள்வி, ‘செத்தவர் உனக்கு என்ன முறை வேணும்?’ என்பதுதான். அதுவும் பத்துப் பேர் நடுவில். பதில் சொல்லச் சங்கடப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சேர்ந்து வாழ்ந்தவரை இழந்தவர், திருநங்கையாகி வீட்டைவிட்டு வந்தபின் தன்னை மகளாக ஏற்றுக்கொண்டவரை இழந்தவர், விவாகரத்தான கணவரின் சாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன பெண் கேட்கவே தயங்குவார். வாயுள்ளவருக்கு விடுப்பு, வாயில்லாதவருக்குச் சம்பளப் பிடித்தம் என்று ஆகிவிடும். எல்லாரையும் உள்ளே சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் இந்த வழி முதல் சுற்றிலேயே விழுந்துவிடுகிறது.

பட்டியல் போட்டால்

பட்டியலின் நன்மை தெளிவு. தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி, பிள்ளை, உடன்பிறந்தோர்: மூன்று நாள். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். எழுதாத முறையிலிருந்து இதற்கு வருவதே ஒரு முன்னேற்றம்தான்.

சிக்கல் எங்கே வரும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். விடுப்பு விண்ணப்பம் கணினியில். ‘உறவு’ என்ற கட்டத்தைத் தொட்டால் ஐந்தே ஐந்து தேர்வுகள் விழும். கணக்குப் பிரிவில் இருந்த பெண்ணைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர் பெரியம்மா. அவர் இறந்தபோது வேறு வழி தெரியாமல் ‘தாய்’ என்று தேர்ந்தெடுத்துவிட்டுப் போனார். சில வருடம் கழித்து பெற்ற தாய் இறந்தார். அதே கட்டம், அதே தேர்வு. இந்த உறவுக்கு ஏற்கெனவே விடுப்பு எடுத்தாகிவிட்டது என்று கணினி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது. சாவு வீட்டிலிருந்து போன் போட்டு, எது பொய் எது நிஜம் என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று. பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. பட்டியல்தான் சொல்ல வைத்தது.

இன்னொன்று, பல நிறுவனங்களின் பட்டியலில் மாமனார் மாமியார் கிடையாது. கல்யாணமான பெண்ணுக்கு மாமியார் இறந்தால் சடங்கு முடிகிறவரை வருகிறவர் போகிறவர் அத்தனை பேருக்கும் காபி, சாப்பாடு, படுக்கை எல்லாம் அவர் தலையில்தான் விழும். கணவருக்கு அவருடைய கம்பெனியில் மூன்று நாள் கிடைக்கும். இவருக்குப் பூஜ்யம்.

சரி, நீட்டிவிடலாமே

அடுத்த யோசனை இயல்பாக இதுதான். மாமனார், மாமியார், தாத்தா, பாட்டி எல்லாரையும் சேர்த்து, நெருக்கத்துக்கு ஏற்பப் படி வைப்பது. இதில் பெரிதாகப் பேசப்பட்டது ஃபேஸ்புக் 2017-இல் செய்த மாற்றம். நெருங்கிய குடும்பத்தினர் இறந்தால் 20 நாள், விரிந்த குடும்பத்தினர் என்றால் 10 நாள், சம்பளத்தோடு. அதை அறிவித்த ஷெரில் சாண்ட்பெர்க், அப்போது அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல்பாட்டு அதிகாரி, 2015-இல் கணவரை இழந்தவர். அந்த அறிவிப்புக்குப் பிறகு வேறு சில இடங்களிலும் மூன்று நாள் என்பது கேள்விக்கு உள்ளானது. நல்லதுதான்.

ஆனால் நம் ஊரில் பட்டியலை எங்கே நிறுத்துவது? தாய்மாமன் இல்லாமல் ஒரு சடங்கு நடக்காது. சித்தப்பா வீடும் நம் வீடும் ஒரே வாசல். கொழுந்தனார், நாத்தனார், அண்ணி, மச்சினன் என்று போனால் ஒரு பக்கம் நிரம்பும், அப்போதும் ஒருவர் விடுபடுவார். நீட்ட நீட்ட, விடுபட்டவருக்கு வலி அதிகம். இத்தனை பேரைச் சேர்த்தவர்கள் என்னவரை மட்டும் சேர்க்கவில்லையே என்றுதான் தோன்றும்.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் நம் எச்.ஆர். கையேடுகளைவிட முன்னால் இருக்கின்றன. சண்டிகர் மருத்துவமனைச் செவிலியர் ஒருவரின் மகப்பேறு விடுப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் கொடுத்த தீர்ப்பு, அப்பா அம்மா பிள்ளைகள் என்ற ஒரே அச்சில் குடும்பத்தைப் பார்க்கக் கூடாது, மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்களும் ஒருபால் இணையரும் குடும்பமாக இருக்கலாம் என்றது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோரால் அடைத்துவைக்கப்பட்ட இளம்பெண் ஒருவரின் வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னது. இந்தத் தீர்ப்புகள் துக்க விடுப்பைப் பற்றியவை அல்ல. தனியார் நிறுவனத்தை எதற்கும் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் ‘சட்டம் ஏற்காத உறவை நாங்கள் எப்படி ஏற்பது’ என்று கேட்கிற நிர்வாகத்துக்குப் பதிலாக வைக்கலாம்.

பட்டியலை நீட்டுவது ஓர் இடைக்கால வழியாகப் பரவாயில்லை. யூனியனோடு ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொரு சொல்லையும் எழுத்தில் கேட்கிற தொழிற்சாலையில் இதைத் தாண்டிப் போவது கஷ்டம். அங்கே கடைசி வரியாக ‘மேற்கண்டோருக்கு இணையான உறவில் இருந்தவர்’ என்பதையும், ‘ஒரே வீட்டில் வசித்தவர்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியச் சட்டத்தில் இந்த இரண்டாவது வரி இருக்கிறது: நெருங்கிய குடும்பத்தினர் அல்லது வீட்டில் உடன் வசிப்பவர், ஒவ்வொரு இழப்புக்கும் இரண்டு நாள். பெரியம்மா பிரச்சினை அந்த ஒரு வரியில் தீர்ந்திருக்கும்.

பட்டியலே இல்லாமல்

நியூசிலாந்து செய்திருப்பது எனக்கு இதில் மிகவும் பிடித்தது. நெருங்கிய உறவுகளுக்கு மூன்று நாள் என்று ஒரு பட்டியல் அங்கும் உண்டு. பட்டியலில் இல்லாத யார் இறந்தாலும் ஒரு நாள் உண்டு, நிறுவனம் அதை இழப்பாக ஏற்றுக்கொண்டால். ஏற்பதற்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது: இறந்தவரோடு எவ்வளவு நெருக்கம், இறுதிச் சடங்குகளில் இவருக்கு முக்கியப் பொறுப்பு இருக்கிறதா, பண்பாட்டு முறைப்படி இவர் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா. கடைசி இரண்டும் நமக்கென்றே எழுதியதுபோல் இருக்கின்றன. தாய்மாமன் முறையில் கோடித் துணி எடுத்துப் போகிறவரும், கொள்ளி வைக்கிற பெரியப்பா மகனும், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஆள் இல்லாமல் எல்லாம் தானே செய்கிற பையனும் இதில் அடங்கிவிடுகிறார்கள்.

இந்த வழியைச் சொன்னதும் வருகிற பயம் ஒன்றுதான்: ஏமாற்றுவார்கள். ‘இவனுக்கு எத்தனை பாட்டிதான் சாவாங்க’ என்ற ஜோக் இல்லாத ஆபீஸ் இல்லை. பயத்தில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்த ஜோக் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அவசரமாக ஒரு நாள் வேண்டும், சி.எல். தீர்ந்துவிட்டது, உண்மையைச் சொன்னால் கிடைக்காது, பாட்டி என்றால் கிடைக்கும். அது சாதாரண விடுப்பு போதாததால் வருகிற பொய். துக்க விடுப்பை இறுக்கினால் போகாது. ஆண்டுக்கு இத்தனை நாள் என்று ஒரு மேல் வரம்பு வைத்தாலே போதும். அதைத் தாண்டும்போது எச்.ஆர். உட்கார்ந்து பேசலாம்.

அத்தாட்சி கேட்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இறப்பைப் பதிவு செய்யவே சட்டம் 21 நாள் அவகாசம் தருகிறது. வேலைக்குத் திரும்பும் நாளில் இறப்புச் சான்றிதழ் கேட்பவர், இன்னும் வராத காகிதத்தைக் கேட்கிறார். அது இல்லாததால் பல இடங்களில் ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். போஸ்டரில் யார் பெயர் இருக்கும்? மகன்கள், மருமகன்கள், பேரன்கள், ஊரில் பெரிய மனிதர்கள். மகள் பெயர் பல நேரம் இருக்காது, மருமகள் பெயர் அதைவிட அபூர்வம், பத்து வருடம் கூட வாழ்ந்த இணையரின் பெயருக்கு வாய்ப்பே இல்லை. யாரை உள்ளே கொண்டுவர வேண்டும் என்று விதியை மாற்றுகிறோமோ, அவர்களையே அத்தாட்சி வெளியே தள்ளிவிடும். மூன்று நாளுக்குள் என்றால் எதுவும் கேட்காதீர்கள். நீண்ட விடுப்பு என்றால் மட்டும், திரும்பி வந்து இரண்டு மாதத்துக்குள் ஏதாவது ஒரு தகவல் போதும்.

மூன்று நாள் எதற்குப் போதும்?

எடுத்த எடுப்பில் ‘தொடர்ந்து மூன்று வேலை நாட்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் ‘தொடர்ந்து’ செய்கிற கேடு, ‘மூன்று’ செய்வதைவிடப் பெரியது.

ஒரு சாவைப் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்போம். அன்றோ மறுநாளோ எடுத்துவிடுகிறார்கள். அடுத்த நாள் பால் தெளிப்பு. சில பக்கம் காடாற்று என்பார்கள். அதற்குள் மூன்று நாள் முடிந்தது. பதினாறாம் நாள் காரியம் வரும்போது விடுப்பு இல்லை. சிலருக்கு அது பதின்மூன்றாம் நாள். முஸ்லிம் வீடுகளில் பலர் நாற்பதாம் நாள் வைக்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு முப்பதாம் நாள் பூசை இருக்கலாம். இப்போது சில ஊர்களில் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள், பாதிக் காரணம் வேலைக்குப் போகிறவர்களுக்கு லீவு இல்லை என்பதுதான்.

அப்புறம் காகித வேலை. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு, வி.ஏ.ஓ. விசாரணை, வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாசில்தார். வங்கிக் கணக்கை மாற்ற ஒரு நாள், அப்பாவின் ஓய்வூதியத்தை அம்மா பெயருக்குக் கொண்டுவர இன்னொரு நாள், மின் இணைப்பு, ரேஷன் கார்டு. இதெல்லாம் வார நாட்களில், அலுவலக நேரத்தில்தான் நடக்கும். ஒரு வருடம் கழித்து தலைத்திவசம். சிலருக்கு முதல் வாரம் முழுக்க ஓடியாடி வேலை பார்த்துவிட்டு, வீடு காலியான பிறகு மூன்றாவது மாதத்தில்தான் உடைந்துபோகத் தோன்றும். அன்றைக்கு விண்ணப்பத்தில் என்ன காரணம் எழுதுவது?

வெளிநாடுகளில் இதைக் கவனித்துத் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2023 முதல் ஐந்து நாள், மூன்று மாதத்துக்குள் எடுக்கலாம், தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. கனடாவின் கூட்டரசுச் சட்டத்தில் பத்து நாள், அதில் முதல் மூன்றுக்குச் சம்பளம். இறுதிச் சடங்குக்குப் பின் ஆறு வாரம் வரை எடுக்கலாம். பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இழந்த பெற்றோருக்கு இரண்டு வாரம். இரண்டு தனித்தனி வாரமாகவும் 56 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு வருடத்தோடு நான்கு வாரம் கூடுதலாக இருப்பதால் முதல் நினைவு நாளும் உள்ளே வந்துவிடுகிறது. திதி கணக்கில் தேதி முன்னே பின்னே போனாலும் பிரச்சினை இல்லை. நம் ஊருக்கு நான் எடுத்துக்கொள்வது இந்த 56 வாரத்தைத்தான்.

நிர்வாகத்துக்குச் செலவு பற்றிக் கவலை இருக்கும். பிரித்து எடுக்க விடுவதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூட ஆகாது. அதே மூன்று நாள், வேறு தேதிகளில். நாளைக் கூட்டினாலும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 200 பேர் வேலை செய்யும் இடத்தில் வருடத்துக்கு 25 பேருக்குத் துக்கம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளை ஏழாக்கினால் கூடுதலாக 100 நாள். அந்த 200 பேரின் மொத்த வேலை நாள், ஆளுக்கு 290 என்றால், 58,000. ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் மதியத்துக்கு மேல் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

கருவிலேயே போனது

இதற்கு மட்டும் நம் சட்டம் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் முதல் இருந்துவரும் விதி, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யிலும் ஆறு வாரம் உண்டு. மத்திய அரசு 2022 செப்டம்பரில் தன் பெண் ஊழியர்களுக்கு, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்து 28 நாளுக்குள் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு என்று ஆணை போட்டது. தனியாரை அது கட்டாது, பின்பற்றத் தடையும் இல்லை.

விடுபட்டிருப்பவர் கணவர். மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் ஷிப்டுக்கு வருகிறார். நியூசிலாந்து 2021-இல் கருச்சிதைவுக்கு மூன்று நாள் என்று கொண்டுவந்தபோது துணைவரையும், தத்து அல்லது வாடகைத்தாய் வழியாகக் குழந்தைக்குக் காத்திருந்தவரையும் சேர்த்தே எழுதியது. நாம் எழுதும்போதும் அப்படியே எழுதலாம். ஒரு எச்சரிக்கை: இந்த விண்ணப்பம் சூப்பர்வைசர் வழியாகப் போகக் கூடாது. நேராக எச்.ஆர்., அதுவும் முடிந்தவரை பெண் அதிகாரி. விடுப்புப் பலகையில் ‘விடுப்பு’ என்று மட்டும் இருந்தால் போதும்.

விதியே எட்டாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் நிரந்தர ஊழியருக்கு. பல இடங்களில் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், லோடிங். அவர்களுக்குச் சாவு வீட்டுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு, அவ்வளவுதான். வளர்ப்பு நாய் இறந்தால் விடுப்பு தரலாமா என்று மாடியில் கூட்டம் நடக்கும்போது, அந்த அறையைக் கூட்டுகிற அக்காவுக்கு மாமியார் சாவுக்கே விடுப்பு இல்லை. (நாய் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. அதற்கு ஒரு சி.எல். போதும் என்பது என் எண்ணம்.) ஒப்பந்தக்காரரோடு அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, துக்க விடுப்பு நாளுக்கான கூலியை நிறுவனம் தனியாகத் தரும் என்று ஒரு ஷரத்து சேர்த்தால் போதும். சேர்க்காவிட்டால் ஒப்பந்தக்காரர் தன் பையிலிருந்து தர மாட்டார்.

திருப்பூர், கோவையில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களுக்கு மூன்று நாள் என்பது ரயிலிலேயே கரைந்துவிடும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், அதுவும் டிக்கெட் கிடைத்தால். இவர்களுக்குப் பயண நாளைத் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும். சம்பளத்தோடு முடியாவிட்டால், திரும்பி வரும்போது வேலை இருக்கும் என்பதையாவது எழுத்தில் கொடுங்கள். இத்தா, அதாவது கணவரை இழந்தபின் வீட்டோடு இருக்கும் துக்க காலம், கடைப்பிடிக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். கணவர் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் என்பதற்கு எந்தத் துக்க விடுப்பும் போதாது. வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை என்றால் அதைக் கொடுக்கலாம், இல்லையென்றால் சம்பளமில்லா விடுப்பும் வேலை உத்தரவாதமும்.

நான் எழுதிக் கொடுப்பதானால் நான்காவது வழியைத்தான் எடுப்பேன், நியூசிலாந்தின் மூன்று கேள்விகளைச் சேர்த்து. விதி இவ்வளவுதான் இருக்கும்:

‘ஊழியருக்கு நெருக்கமானவர் எவர் இறந்தாலும், அல்லது இறுதிச் சடங்கில் அவருக்குப் பொறுப்பு இருந்தாலும், ஏழு நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு. கர்ப்ப இழப்பில் துணைவருக்கும் இது உண்டு. பெண்ணுக்குச் சட்டப்படியான விடுப்பு தனி. இறந்த நாளிலிருந்து 56 வாரத்துக்குள் பிரித்து, அரை நாளாகவும் எடுக்கலாம். உறவுமுறையைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மூன்று நாளுக்கு அத்தாட்சி வேண்டாம். ஓராண்டில் பதினான்கு நாளைத் தாண்டினால் எச்.ஆர். உடன் பேசி முடிவு செய்யப்படும். 1,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் என்றால் நான்கு பயண நாட்கள் கூடுதல். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் பொருந்தும்.’

ஏழு நாள் முடியாது என்று முதலாளி சொன்னால் ஐந்துக்கு இறங்குங்கள், மூன்றுக்கும் இறங்குங்கள். 56 வாரத்தையும் உறவுமுறை கேட்காததையும் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கணினியில் அந்த ‘உறவு’ கட்டத்தை எடுக்க சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இப்போதே சொல்லிவையுங்கள். அவர்கள் அதைச் செய்ய எப்படியும் ஒரு மாதம் இழுப்பார்கள்.